வேலை விண்ணப்பமும் வழக்கு விவரமும்

(அறக்கட்டளையின் வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் சொல்லித் தொடங்குகிறோம். கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, ஹஜ்ரத் அவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பிகளே!

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் எந்தத் தேர்வு எப்போது வருகிறது, எந்தப் படிப்புக்கு எங்கே உதவித்தொகை கிடைக்கும் என்று பேசுவோம். இன்று விண்ணப்பப் படிவத்தில் வரும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேசப்போகிறோம். "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் பதிவாகி உள்ளதா? ஆம் / இல்லை." அந்தச் சின்னக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நம் மஹல்லாவில் ஒரு பிள்ளையின் வேலை போனது. அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அந்தத் தம்பியின் பெயர் வேண்டாம். தாயார் பீடி சுற்றிப் படிக்க வைத்த பிள்ளை. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது அவனுக்கு வயது 19. கூட்டத்தோடு கூட்டமாகச் சாலையில் நின்றான். கல் எறியவில்லை, யாரையும் தொடவில்லை. அன்று நின்றவர்கள் பலர் மீது எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்: சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143, உத்தரவை மீறியதற்கு 188. அந்தப் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. 2021-ல் தேர்தலுக்கு முன்பிருந்த அரசும், தேர்தலுக்குப் பின் வந்த அரசும் இத்தகைய போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தன. நாம் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

பிறகு அவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினான். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் ஓடினான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கயிறு ஏறினான். எழுத்துத் தேர்விலும் தேறினான். சரிபார்ப்புப் படிவம் கைக்கு வந்ததும் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "வழக்கு இருக்கான்னு கேக்குறாங்க, என்ன எழுத?" என்று கேட்டான். நாங்கள், "அதுதான் அரசாங்கமே வாபஸ் வாங்கிடுச்சே. இல்லைன்னு எழுதுப்பா" என்றோம். ஒரு வழக்கறிஞரைக் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கவும் இல்லை.

சரிபார்க்க வந்தவர்கள் காவல் நிலையப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அந்த வழக்கு அங்கே நிலுவையில்தான் இருந்தது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி அவன் தேர்வை ரத்து செய்தார்கள்.

அவனுடைய தாயார் அலுவலகத்துக்கு வந்தார்கள். எங்களைத் திட்டவில்லை. "நீங்க படிச்சவங்கண்ணே. நீங்க சொன்னதுனாலதான் அவன் அப்படி எழுதுனான்" என்று மட்டும் சொன்னார்கள். இன்று அந்தத் தம்பி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவனுடைய ரிட் மனு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதற்கான செலவை அறக்கட்டளை நிதியிலிருந்து எடுக்கவில்லை, நிர்வாகிகள் ஆளுக்குக் கொஞ்சம் கைப்பணம் போட்டிருக்கிறோம். அதை உதவி என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. அது எங்கள் மீதுள்ள கடன்.

இந்தத் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த உரை.

யார் யார் சரிபார்க்கிறார்கள்

காவல்துறை வேலைக்கு மட்டும்தான் வழக்கு விவரம் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரசு வேலை எதுவானாலும் பணி ஆணைக்கு முன்போ பின்போ நடத்தைச் சரிபார்ப்பு உண்டு. வங்கிகளும் கணினி நிறுவனங்களும் இதற்கென்றே உள்ள ஏஜென்சிகளிடம் பெயரைக் கொடுக்கின்றன. அவர்கள் நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் போட்டுத் தேடுகிறார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியாகவும் தனியார் நிறுவனங்கள் ஓர் ஆளைப் பற்றிச் சரிபார்த்துக்கொள்ளலாம். வாட்ச்மேன் வேலைக்குக்கூடச் சரிபார்ப்பு உண்டு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005, காவலாளியின் முன்நடத்தையைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரை அந்த வேலையில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சில நாடுகளின் வேலை விசாவுக்கு பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான், ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் உள்ளூர் காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள். பாஸ்போர்ட்டே எடுக்க வேண்டுமானாலும், குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்று 1967 ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் இருக்கிறது. அப்போதும் வழி அடைபடவில்லை. 1993-ல் வந்த அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். கடைசி நேரத்தில் டிராவல்ஸ்காரரிடம் போய் நிற்பதைவிட, இதை முன்கூட்டியே செய்வது நல்லது.

சரிபார்ப்பே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நம் பெண்பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் யார், மக்தபில் சின்னக் குழந்தைகளோடு தனியாக இருப்பவர் யார் என்று பார்ப்பது பெற்றோரின் உரிமை. அது நம் மீதுள்ள அமானத்தும்கூட. பார்க்கிறவர் நியாயமாகப் பார்க்க வேண்டும், பார்க்கப்படுகிறவர் தன் நிலைமை என்ன என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாம் கேட்பது இவ்வளவுதான்.

"கேஸ் முடிஞ்சு போச்சு" என்றால் என்ன

நம் வீடுகளில் கேஸ் முடிஞ்சு போச்சு என்று சர்வ சாதாரணமாகச் சொல்வோம். அது எப்படி முடிந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, அபராதம். சின்ன வழக்குதான், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் இன்றோடு முடிந்தது என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்வார்கள். சில நூறு ரூபாயோடு போகிறதே என்று நம் பிள்ளைகளும் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டனை பெற்றவர். ரசீது சின்னதாக இருந்தாலும் அதற்குப் பெயர் தண்டனைதான். தவறு செய்யாத பிள்ளை, அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வழக்கறிஞரிடம், இதனால் நாளைக்கு வேலைக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, காவல் நிலையத்திலேயே கைவிடப்பட்ட வழக்கு. விசாரித்துப் பார்த்து, புகாரில் உண்மை இல்லை என்று போலீசார் முடித்துவிடுவதுண்டு. நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பி, புகார் கொடுத்தவருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுப்பார்கள். பெயர் சேர்க்கப்பட்டவருக்கு அது தெரியாமலே போகும். நம் பிள்ளை மீது எஃப்.ஐ.ஆர். இருந்து பிறகு சத்தமே இல்லை என்றால், அது முடிந்ததா, கிடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, முடிந்திருந்தால் அந்த உத்தரவின் நகலை வாங்கி வீட்டில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, அரசு திரும்பப் பெற்ற வழக்கு. நாங்கள் ஏமாந்தது இதில்தான். அமைச்சர் அறிவித்தவுடன் வழக்கு போய்விடாது. அரசு வழக்கறிஞர் அந்த வழக்கின் எண்ணைச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 321 ஆம் பிரிவு. அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்தால் போதாது. உங்கள் வழக்கு எண்ணுக்கு உத்தரவு வந்ததா என்று பாருங்கள்.

நான்காவது, விடுதலை. இதிலும் வகை இருக்கிறது. தமிழ்நாடு காவல் பணிக்கான மாநில விதிகளில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சரிபார்ப்பு வந்து, பிறகு கண்ணியமான விடுதலை கிடைத்தால், அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம் என்றும் அதே விதி சொல்கிறது.

இங்கே ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. அடிதடி என்றால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கிறோம். நல்ல காரியம், அதை விடக் கூடாது. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு, சாட்சியை மாற்றிச் சொல்ல வைத்து முடிப்பது நம் வழக்கமாகிவிட்டது. சாட்சியை மாற்றச் சொல்வது தீனில் எப்படிப்பட்டது என்று ஹஜ்ரத் அவர்கள் இருக்கும் சபையில் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. உலக அடிப்படையிலும் அது அந்தப் பிள்ளைக்குக் கெடுதல். அன்றைக்குச் சிறையிலிருந்து தப்பித்தாலும், பிறகு சீருடை அணிய முடியாமல் போகும். பேசி முடிப்பதானால் ஆரம்பத்திலேயே பேசுங்கள், வழக்கறிஞரை உடன் வைத்துச் சட்டம் அனுமதிக்கும் வழியில் முடியுங்கள்.

ஐந்தாவது, உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு. போராட்டத்தில் நின்றதற்காக 188 போட்ட வழக்குகள் நம் ஊர்களில் நிறைய. அந்தப் பிரிவில் போலீசார் தாங்களாகவே எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்த முடியாது, உத்தரவிட்ட அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் விரிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அதை வைத்துப் பல வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய 188 இப்போது புதிய சட்டத்தில் 223. எண் மாறியதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ரத்து கேட்டு மனு போடுங்கள். தேர்வில் தேறிய பிறகு ஓடினால் காலம் போதாது.

கடைசியாக, 18 வயதுக்குக் கீழே இருந்தபோது வந்த வழக்கு. தாய்மார்கள் இதைக் கேளுங்கள். சிறார் நீதிச் சட்டம், 2015, பிள்ளைக்குப் புது வாழ்வு கொடுப்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. அந்த வயதில் செய்த தவறுக்காகப் பின்னால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது 24 ஆம் பிரிவு. நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட அந்தப் பதிவைக் காவல்துறை வெளியே தரக் கூடாது என்கிறது 74 ஆம் பிரிவு. சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கைக் காட்டி வேலை மறுக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 16 வயதைத் தாண்டியவர் மிகக் கொடிய குற்றத்தில் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. பள்ளிக்கூட வயதில் நடந்த சண்டையை நினைத்து, இனி இவனுக்கு வேலையே கிடைக்காது என்று ஒரு தாயும் அழ வேண்டாம்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது

2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சொல்கிறோம்.

படிவத்தில் கேட்டதற்கு உண்மையான பதில் எழுத வேண்டும். கைது, வழக்கு, தண்டனை, விடுதலை எதைக் கேட்டாலும் மறைக்கவோ பொய் சொல்லவோ கூடாது. உண்மையைச் சொன்ன பிறகும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது, அவர் முன்நடத்தையை எடை போடலாம். ஆனால் வழக்கு அற்பமானது, இளம் வயதில் கோஷம் போட்டது போன்றது என்றால், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட மன்னிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்லக் கடமை, மொட்டையாகக் கேட்டுவிட்டு நீ மறைத்தாய் என்று பிடிக்கக் கூடாது. பணியில் நிரந்தரமானவரை விசாரணை நடத்தாமல் வெளியே அனுப்பவும் கூடாது.

2022-ல் பவன் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், ஒரு விவரத்தை விட்டுவிட்டார் என்பதற்காகவே எந்திரம்போல் பணிநீக்கம் செய்யக் கூடாது, வேலையின் தன்மை, வழக்கின் தன்மை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. நம் தம்பியின் ரிட் மனு இந்தத் தீர்ப்புகளைத்தான் நம்பி நிற்கிறது. இருந்தாலும் நீதிமன்றம் மன்னிக்கும் என்று நம்பி யாரும் பொய் எழுதத் துணிய வேண்டாம். காவல்துறை போன்ற பணிகளில் மறைத்தவர்களைத் திரும்ப எடுக்க மறுத்த தீர்ப்புகளும் உண்டு.

உண்மையை எழுதியிருந்தால் அவனுக்கு அந்த முறையே வேலை கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது மாநில விதி இடம் கொடுக்காது. ஆனால் வழக்கை ரத்து செய்துகொண்டு அடுத்த தேர்வுக்குப் போயிருக்கலாம். இப்போது அந்தச் சின்ன வழக்கோடு, உண்மையை மறைத்தவன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. முதலாவதை யாரோ அவன் மீது போட்டார்கள். இரண்டாவதை நாங்கள் போட்டோம்.

சென்ற மாதம் ஒரு சகோதரர் எங்களிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டார். நம் குற்றத்தை நாமே வெளியே சொல்லக் கூடாது, அல்லாஹ் மறைத்ததை நாம் மறைத்து வைக்க வேண்டும் என்றுதானே தீன் சொல்கிறது? படிவத்தில் எழுதுவது அதற்கு மாறாக ஆகாதா?

ஆகாது. தவ்பா செய்துவிட்ட பாவத்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரியக் கூடாது என்பது சரி. ஆனால் இந்தப் படிவம் உங்கள் பாவத்தைக் கேட்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள ஒரு விவரம் உண்மையா என்று கேட்கிறது. அதற்கு "இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது பொய்ச் சாட்சி. கேட்டதற்குப் பொய் சொல்லாதே, கேட்காததை அள்ளிக் கொட்டாதே என்று நம் உஸ்தாதுமார்கள் சொல்லிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொய்க் குற்றச்சாட்டில் பல வருடம் சிறையில் இருந்தார்கள். மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னதும் வெளியே வரச் சொல்லி அழைப்பு வந்தது. வேறு யாராக இருந்தாலும் கதவு திறந்தால் போதும் என்று ஓடி வந்திருப்பார்கள். அவர்களோ வந்த தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். கையை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களிடம் உண்மை என்ன என்று முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். விசாரணை நடந்தது, அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை என்று எல்லோர் முன்னும் தெளிவானது. அதன் பிறகுதான் வெளியே வந்தார்கள். எகிப்தின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாளராகவும் ஆனார்கள். பதவிக்குப் போகும் முன் தன் பெயரைத் துப்புரவாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நபி காட்டித் தந்திருக்கிறார்கள். கண்ணியமான விடுதலை என்று இன்றைய சட்டம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. சிறையில் இருந்தவர் என்பதற்காக அந்த மன்னர் அவர்களை ஒதுக்கவும் இல்லை.

நாம் முதலாளியாக இருக்கும்போது

அந்த மன்னரைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். இந்தச் சபையில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், பட்டறை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். இந்த அறக்கட்டளையும் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அரசாங்கம் நம் பிள்ளைகளை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறோம். நாம் எத்தனை பேரை மன்னித்து வேலைக்கு வைத்திருக்கிறோம்?

சில அமெரிக்க மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் உள்ள அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்ற கோரிக்கையில் எழுந்தவை இவை. தனியார் முதலாளிகளுக்கு அப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் ஹவாய், 1998-ல். கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வைத்து வேலை வாங்குபவர், வேலை தருகிறேன் என்று நிபந்தனையோடு சொன்ன பிறகுதான் தண்டனை விவரத்தையே கேட்கலாம். கேட்ட பிறகும், அந்தக் குற்றத்தின் தன்மை என்ன, எவ்வளவு காலம் ஆனது, இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். மறுப்பதானால் எழுத்தில் தெரிவித்து, அவர் பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் தனியார் முதலாளியை இப்படிக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. அதனால் நம் கடையில் நியாயமாக நடப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நம் ஜனாஸா வாகனத்துக்கு ஓட்டுநர் தேடியபோது ஒருவர் வந்தார். லைசென்ஸைக் காட்டும் முன்பே, "அடிதடி வழக்குல உள்ள இருந்துட்டு வந்தவன் நான். அதைச் சொல்லாம வேலை கேட்க மனசு இல்ல" என்றார். நிர்வாகக் கூட்டத்தில் பெரிய விவாதம் நடந்தது. ஊர் என்ன சொல்லும் என்றார் ஒருவர். மறைக்காமல் சொன்னவரை அனுப்பிவிட்டு, மறைத்துச் சொல்லும் ஒருவரை வைக்கப் போகிறோமா என்றார் இன்னொருவர். கடைசியில் ஆறு மாதம் பார்ப்போம் என்று எடுத்தோம். ஆறு மாதம் முடிந்து இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. இரவு இரண்டு மணிக்குப் போன் போட்டாலும் வண்டி வாசலுக்கு வருகிறது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அறக்கட்டளை ஒரு தீர்மானம் போட்டது. எங்களிடம் வேலைக்கு வருகிறவர் மீது வழக்கு இருந்தால் நான்கு விஷயங்களைப் பார்ப்போம்: என்ன குற்றம், எவ்வளவு காலம் ஆனது, அப்போது அவருக்கு என்ன வயது, இந்த வேலையில் அது யாருக்காவது ஆபத்தாகுமா. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவருக்குப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை கிடையாது. அதில் தளர்வு இல்லை. மற்றபடி, தண்டனை அனுபவித்துத் திருந்தி வந்தவருக்கு ஹலாலான ரிஸ்க்குக்கு ஒரு வழி காட்டுவோம். உங்கள் கடைகளிலும் இந்த நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். வேலை கிடைக்காதவன் திரும்பப் பழைய கூட்டத்தோடு சேர்ந்தால், அதில் கதவை மூடிய நமக்கும் பங்கு உண்டு.

இனிச் செய்ய வேண்டியது

தம்பிகளே, உங்கள் மீது எப்போதாவது வழக்கு வந்திருந்தால், சின்னது என்று ஒதுக்காமல் இந்த மாதமே மூன்று காரியம் செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள். நீதிமன்ற இணையதளத்தில் வழக்கின் நிலையைப் பாருங்கள். முடிந்திருந்தால் உத்தரவின் சான்றிட்ட நகலை விண்ணப்பித்து வாங்கி, மதிப்பெண் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். முடியாமல் இருந்தால் எங்களிடம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞர் இருப்பார். படிவம் நிரப்புவது சம்பந்தமாக இனி நாங்களாக யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அவரிடம்தான் அனுப்புவோம்.

தாய்மார்களே, இதை மானப் பிரச்சினையாக எண்ணி மூடி வைக்க வேண்டாம். வெளியே தெரிந்தால் சம்பந்தம் கிடைக்காது என்று பயந்து, வந்த சம்மனைக் கிழித்துப் போட்ட வீடும் நமக்குத் தெரியும். கிழித்துப் போட்ட சம்மன் பிடிவாரண்டாகத் திரும்பி வரும். எங்களிடம் சொல்வது எங்களோடு இருக்கும்.

அந்தத் தம்பி இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான், எங்கே அமர்ந்திருக்கிறான் என்று நாங்கள் காட்டப் போவதில்லை. இதைப் பேசலாமா என்று கேட்டபோது, "பேசுங்க மாமா, இன்னொருத்தனுக்கு ஆகக் கூடாது" என்றான். அவனிடமும் அவனுடைய தாயாரிடமும் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அவனுடைய வழக்கு நல்லபடி முடிய எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

உண்மையைப் பேசும் நாவையும், திருந்தி வருகிறவருக்கு இடம் கொடுக்கும் மனத்தையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.